வலக்கண் 2 மீட்டரில், இடக்கண் 57 சென்டிமீட்டரில்

வலக்கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் காலை. புதுக் கண்ணின் அழகைத் தனியாக ரசிக்கலாமே என்று இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்தேன். தலைப்பு தெரிந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் சாம்பல் நிறப் பட்டைகள். உடனே தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஐம்பது வருடப் பழக்கம் அது, கை தானாகச் செய்யும். பட்டைகள் இன்னும் தடித்தன. சரி என்று கையை நீட்டினேன். கொஞ்சம் தேறியது. முழுக்க நீட்டியும் போதவில்லை. கையின் நீளம் தீர்ந்துபோயிற்று.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எதிர் மாடியில் காயும் துணியின் கோடுகளை எண்ண முடிகிறது. மடியில் கிடக்கும் தாளைப் படிக்க முடியவில்லை. இது என்ன கணக்கு என்று தேடிப் போனதன் பதிவு இது. நோயாளியும் நானே, ஆய்ந்தவனும் நானே. முப்பது வருடத்துக்கு மேல் கேமராவோடு பிழைத்தவன் என்பதால், கண் மருத்துவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனதை நான் லென்ஸ்காரன் புத்தியோடு மறுபடி பிரித்துப் பார்த்தேன்.

கண்ணின் வரலாறு

ஆபரேஷனின்போது வயது 63. பதினைந்து வயதிலிருந்து இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் 3. கண்ணாடி போட்டால் தூரம் தெரியும். கழற்றினால் 33 சென்டிமீட்டரில் எவ்வளவு பொடி எழுத்தானாலும் தெரியும். நெகட்டிவில் தூசி தேடுவதும் ஸ்லைடில் கூர்மை பார்ப்பதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துத்தான். நாற்பதைத் தாண்டியதும் நண்பர்கள் ஒவ்வொருவராக வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க, நான் மட்டும் இருந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அறுபதுக்குப் பிறகு வலது கண்ணின் பவர் மைனஸ் 5 ஆனது, இடது மைனஸ் 4. லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் புரை விழும்போது அதன் ஒளிவிலகல் கூடுவதால், இப்படிக் கிட்டப்பார்வை ஏறுவது வழக்கம். அப்புறம் எதிர்வரும் வண்டி விளக்குகள் சிதறத் தொடங்கின. விழித்திரையும் கண் அழுத்தமும் நன்றாகவே இருந்தன.

ஆபரேஷனுக்கு முன் நடந்த ஆலோசனை ஒரு நிமிடம் இருந்திருக்கும். "தூரம் வேணுமா, கிட்ட வேணுமா சார்?" என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தூரத்துக்காகக் கண்ணாடி சுமந்தவன் என்ன சொல்வான்? "தூரம்" என்றேன். கிட்டத்தில் பார்ப்பது என் சொந்தச் சொத்து, அது எங்கே போய்விடும் என்ற நினைப்பு. அந்தச் சொத்து எடுத்துப் போடப்போகிற லென்ஸில்தான் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பாகோ முறையில், அதாவது நுண் அதிர்வால் புரையை உடைத்து எடுத்து, ஒரே தூரத்துக்கு மட்டும் குவியும் ஒற்றைக் குவிய லென்ஸ் வைத்தார்கள். இலக்கு பூஜ்யம், அதாவது தூரத்துக்குக் கண்ணாடிப் பவரே வேண்டாத நிலை. ஆறு வாரம் கழித்து எடுத்த அளவு: மைனஸ் 0.25, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடும் பவர்) மைனஸ் 0.50, அச்சு 90. சராசரியாக மைனஸ் 0.50. பார்வைப் பலகையில் கடைசி வரியில் இரண்டு எழுத்து மட்டும் தடுமாறியது. மருத்துவக் கணக்கில் இது நல்ல வெற்றி, அதை நானும் மறுக்கவில்லை. கேட்டதைத்தான் கொடுத்தார்கள். நான் கேட்ட விதம்தான் கோணல்.

கண்மணியும் அப்பர்ச்சரும்

இளம் வயதில் கண்ணின் லென்ஸ் தானே பருத்துக் கிட்டத்துக்குக் குவியும். ஐம்பத்தைந்து வயதுக்குள் அந்தத் திறன் அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. செயற்கை லென்ஸில் அது தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஆனாலும் கிட்டத்தில் பார்க்க முனையும்போது மூளை பழைய மூன்று கட்டளைகளையும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது: கண்களை உள்பக்கம் திருப்பு, கண்மணியை, அதாவது கண்ணுக்குள் ஒளி புகும் துளையைச் சுருக்கு, லென்ஸைப் பருமனாக்கு. முதல் இரண்டும் நடக்கின்றன. மூன்றாவதைக் கேட்க ஆளில்லை.

ஆக, ஆபரேஷன் ஆன கண் குவியம் நிலையாகப் பூட்டப்பட்ட கேமரா. என் வலக்கண்ணில் பூட்டு விழுந்த இடம் 2 மீட்டர், ஏனென்றால் அரை டயாப்டருக்கு 2 மீட்டர் (டயாப்டர் என்பது பவரின் அலகு; 1-ஐ அதால் வகுத்தால் மீட்டரில் தூரம் வரும்). அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் சுமாரான தெளிவு நீள்கிறது என்பதுதான் புகைப்படக்காரர் சொல்லும் டெப்த் ஆஃப் ஃபீல்டு, தமிழில் புல ஆழம். கேமராவில் அதை முடிவு செய்வது அப்பர்ச்சர் என்னும் லென்ஸ் துளை. கண்ணில் கண்மணி.

கணக்கு ஒரு வரிதான். குவியம் விழுந்த இடத்திலிருந்து பொருள் எத்தனை டயாப்டர் விலகியிருக்கிறதோ, அதைக் கண்மணியின் விட்டத்தால் பெருக்கினால் மங்கலின் அளவு கிடைக்கும். கண்மணி பாதியானால் அதே மங்கலுக்கு இரட்டிப்பு விலகலைத் தாங்கலாம். கண்ணின் குவியத் தூரத்தைச் சுமார் 17 மில்லிமீட்டர் என்று கொண்டால், 2.5 மில்லிமீட்டர் கண்மணி எஃப்/7-க்குச் சமம், 4 மில்லிமீட்டர் எஃப்/4 (குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்). வெயிலில் கண் எஃப்/7-இல் நிற்கிறது, இரவில் எஃப்/4-க்குத் திறந்துகொள்கிறது. படம் எடுத்துப் பழகியவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மேசை மேல் அளவு நாடா

கண்மணி அளக்கும் அட்டை பரிசோதனை மையத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எனக்கு 2.5 மில்லிமீட்டர், அறை விளக்கில் 4. வீட்டுக்கு வந்து மேசை மேல் அளவு நாடாவை விரித்து ஒட்டினேன். பத்திரிகையின் உபதலைப்பு அளவு எழுத்தை அட்டையில் ஒட்டி, சிரமப்படாமல் வாசிக்க முடிகிற கடைசி இடம் வரை கிட்டத்தில் தள்ளிக்கொண்டே வந்தேன். வலது கண் மட்டும், கண்ணாடி இல்லாமல்.

பகலில் ஜன்னலோரம் 66 சென்டிமீட்டர் வரை வந்தது. இரவில் அறை விளக்கில் அதே அட்டை 92-இல் நின்றுவிட்டது. கறுப்பு அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்தால் 42 வரை வந்தது, ஆனால் அறை இருண்டு கிடந்தது. பிறகு ஒரு நாள் விழித்திரை பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். வீடு திரும்பியதும் விடாமல் அதையும் அளந்தேன்: 1.2 மீட்டர். மேசை போதாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது.

லென்ஸ் ஒன்று, கண் ஒன்று, எழுத்தும் ஒன்று. மாறியது துளை மட்டுமே. விலகலையும் விட்டத்தையும் பெருக்கிப் பார்த்தால் நான்கு அளவுக்கும் விடை 2.3-க்கும் 2.5-க்கும் இடையில் வந்து நின்றது. வீட்டுச் சோதனை இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தில் வர வர எழுத்து பெரிதாகவும் தெரியும், கண்ணின் வேறு சிறு குறைகளும் கணக்கில் கலக்கும். அதனால் இதைத் துல்லியம் என்று சொல்லமாட்டேன். திசை சரி.

ஆபரேஷன் ஆன மறுநாள் கண்ணாடி முன் நின்று "ஐயோ, கிட்ட ஒன்றுமே தெரியலையே" என்று பதறுகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ஆபரேஷனுக்காக விரித்த கண்மணி பல நேரம் மறுநாளும் முழுக்கச் சுருங்கியிருக்காது. அந்த அகலத் துளையில் புல ஆழம் மிகக் குறைவு. கிட்டப் பார்வை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அன்றைக்கே தீர்மானிப்பதில் பொருளில்லை.

அட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எழுத்து மங்கும் எல்லையில் எல்லாக் கோடும் ஒரே மாதிரி மங்குவதில்லை. 'ப'வின் இரண்டு நிமிர்ந்த கோடுகளும் கறுப்பாகவே நிற்க, கீழே படுத்திருக்கும் கோடு மட்டும் கரைந்து சாம்பலாகிறது. 'ட'வும் அப்படித்தான். இது அந்த அரை டயாப்டர் சிலிண்டரின் வேலை. கிடைமட்டத் திசையில் கண் கொஞ்சம் கூடுதல் கிட்டப்பார்வையாக இருப்பதால், நிமிர்ந்த கோடுகள் கிட்டத்திலும் தாக்குப்பிடிக்கின்றன. கண்ணாடிக் கடை மொழியில் குறை என்று எழுதப்படுகிற சிலிண்டர், சிறிய அளவில் இருந்தால் புல ஆழத்துக்கு உதவவும் செய்யும்.

முடிவிலிக்கு அப்பால் வீணாவது

பழைய லென்ஸ்களின் மேல் புல ஆழக் கோடுகள் பொறித்திருக்கும். நிலக்காட்சி எடுக்கும்போது குவிய வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்துவது கற்றுக்குட்டியின் வேலை. அப்படி நிறுத்தினால் தெளிவின் பாதி, முடிவிலிக்கு அப்பால், பொருள் எதுவுமே இல்லாத இடத்தில் விழுந்து வீணாகும். அனுபவசாலி வளையத்தைக் கொஞ்சம் கிட்டத்துக்குத் திருப்பி, தெளிவின் தூர எல்லை முடிவிலியில் சரியாக உட்காரும்படி வைப்பார். ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பது அதுதான்.

கண்ணிலும் இதே கதை. இலக்கு சரியாகப் பூஜ்யத்தில் விழுந்து, இருபுறமும் 1 டயாப்டர் தெளிவு இருந்தால், ஒரு டயாப்டர் முடிவிலிக்கு அப்பால் போய்விடும். மிச்சத்தில் 1 மீட்டர் வரைதான் தெரியும். மைனஸ் 0.50-இல் விழுந்த என் கண்ணுக்கு அதே ஆழம் 67 சென்டிமீட்டர் வரை இழுத்துக் கொடுக்கிறது. தூரத்தில் இழந்தது கடைசி வரியின் இரண்டு எழுத்து. ஆறாம் வாரப் பரிசோதனையில் 'பூஜ்யம் வரவில்லையே' என்று குறைப்பட்டுக்கொண்டவன், நாடாவை விரித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். நேர்மாறாகப் பிளஸ் பக்கம் சறுக்கியிருந்தால் தூரமும் பாதி, கிட்டமும் பாதி என்று ஆகியிருக்கும். இலக்கைச் சற்றே மைனஸ் பக்கம் வைக்கிற மருத்துவர்கள் கை தவறி அப்படி வைப்பதில்லை.

டயாப்டருக்கும் சென்டிமீட்டருக்கும் உள்ள உறவையும் இங்கே கவனிக்க வேண்டும். முடிவிலியிலிருந்து 2 மீட்டர் வரை அரை டயாப்டர். 40 சென்டிமீட்டரிலிருந்து 33 வரையும் அதே அரை டயாப்டர். தெரு முழுவதையும் அளக்கிற அதே அளவு, புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஏழு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. "லென்ஸ் கொஞ்சம் கிட்டத்தையும் சேர்த்துக் காட்டாதா?" என்று கேட்பவர்களுக்கு அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு விலை உயர்ந்தது என்று இதில் புரியும்.

இடது கண்ணுக்கு என்ன இலக்கு?

இடையில் நான்கு மாதம் ஓடியது. வலக்கண் தூரத்துக்கு, புரை விழுந்த இடக்கண் 25 சென்டிமீட்டருக்கு. கண்ணாடியே இல்லாமல் காலம் தள்ளினேன். படிப்பது நடந்தது. ஆனால் இரண்டு கண்ணுக்கும் மூன்றரை டயாப்டர் வித்தியாசம் இருந்தால் ஆழ உணர்வு கெட்டுப்போகும். ஒருநாள் கேமராவில் லென்ஸைப் பொருத்தப் போய், சிவப்புப் புள்ளிகளைச் சேர்க்க மூன்று தடவை தடவினேன். கண்ணை மூடிக்கொண்டே செய்துவந்த வேலை அது.

இந்தத் தடவை ஆலோசனைக்குத் தாளோடு போனேன். ஒரு வாரம் நாடாவோடு திரிந்து எழுதிய தூரங்கள்: கைபேசி 36 சென்டிமீட்டர், முகம் மழிக்கும் கண்ணாடி 45, கணினித் திரை 62, வண்டியின் முகப்புப் பலகை 75. பார்வை அளப்பவர் இளம்பெண், அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தா என் வேலை பாதி குறையும் சார்." அப்புறம் அவரே ஒவ்வொரு தூரத்துக்கும் பக்கத்தில் டயாப்டரை எழுதிக் கொடுத்தார்.

என்னென்ன வழி என்று பேசினோம். புல ஆழத்தை நீட்டும் லென்ஸ்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியின் பணிக்குழு 2017-இல் வகுத்த அளவுகோலின்படி, அந்தப் பெயருக்குத் தகுதி பெற ஒற்றைக் குவிய லென்ஸைவிட அரை டயாப்டராவது கூடுதல் ஆழம் வேண்டும். என் வலக்கண்ணுக்கு அது கிடைத்திருந்தால் பகலில் 67 சென்டிமீட்டர் 50 ஆகியிருக்கும். நல்ல லாபம்தான். ஆனால் ஒளியை நீள வாக்கில் பரப்பினால் உச்சக் கூர்மையும், முக்கியமாக மங்கல் வெளிச்சத்தில் கறுப்பு வெளுப்பு வேறுபாடும் கொஞ்சம் குறையும். பல குவிய லென்ஸ்களில் இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். இரவுக் காட்சிகள் எடுப்பவனுக்கு அது ஒத்துவராது என்று ஒதுக்கினேன். இன்னொருவருக்கு இதே லென்ஸ் வரமாக இருக்கலாம்.

என் ஊசி ஓட்டையையே லென்ஸாகச் செய்ததும் உண்டு: நடுவில் 1.36 மில்லிமீட்டர் துளை விட்டு, சுற்றிலும் கறுப்பு வளையம் பதித்தது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஒரு கண்ணில் மட்டும் வைப்பது வழக்கம். எஃப்/12 கண்! கேமராக்காரனுக்கு ஆசை வராமல் இருக்குமா? வெளிச்சம் இழப்பதை நினைத்து விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது எளிய வழி. இடது கண்ணிலும் ஒற்றைக் குவிய லென்ஸ்தான், குவியம் மட்டும் கிட்டத்தில். இதை மோனோவிஷன் என்பார்கள். எவ்வளவு கிட்டத்தில் என்பதுதான் கேள்வி. ஆபரேஷனுக்கு முன்பே ஒத்திகை பார்க்கலாம் என்று கான்டாக்ட் லென்ஸ் கொடுத்தார்கள். இடக்கண் மைனஸ் 2.50-இல் நிற்கும்படி போட்டால் கைபேசி அற்புதம், ஆனால் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடினேன். மைனஸ் 1.25-இல் படி பிரச்சினை இல்லை, கைபேசியைத்தான் நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

முடிவு எடுக்க உதவியது இரவுக் கணக்குதான். பகலில் இரண்டு கண்ணின் தெளிவும் தாராளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், எந்த இலக்கும் பார்க்க அழகாகவே இருக்கும். இரவில் கண்மணி 4 மில்லிமீட்டரானதும் இருபுறமும் 0.6 டயாப்டர்தான் மிஞ்சும். வலக்கண் அப்போது 91 சென்டிமீட்டரில் விட்டுவிடும். அந்த இடத்தில் இடக்கண் கையேற்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் இரண்டு கண்ணுக்கும் சொந்தமில்லாத ஒரு பட்டை விழும். இடது மைனஸ் 1.50 என்றால் அதன் இரவுத் தெளிவு 1.1 மீட்டரிலிருந்து 48 சென்டிமீட்டர் வரை. இடைவெளி விழாது. மைனஸ் 1.75 என்றால் 87-இல்தான் தொடங்கும். ஆகவே இலக்கு மைனஸ் 1.50 என்று எழுதினோம். மருத்துவர் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கால் டயாப்டர் இப்படி அப்படி ஆகலாம், பரவாயில்லையா?" என்று கேட்டார். கண்ணின் நீளத்தை அளப்பதில் 0.1 மில்லிமீட்டர் பிசகினாலே கால் டயாப்டருக்கு மேல் மாறும். லென்ஸ்களும் பொதுவாக அரை டயாப்டர் படிகளில்தான் வருகின்றன. சரி என்றேன். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வளைவைக் கொஞ்சம் மாற்றியிருக்கும் என்பதால், அதைக் கழற்றிச் சில நாள் விட்டுத்தான் அளவு எடுத்தார்கள். கேமராவில் நான் வைத்துப் பார்ப்பது வலக்கண். கை இரண்டையும் சேர்த்து இடுக்கு வழியாகப் பார்க்கும் சோதனையிலும் வலதுதான் ஓங்கிய கண். தூரம் அதற்கே இருக்கட்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

விளைவு

இடக்கண்ணின் ஆறாம் வார அளவு: சராசரி மைனஸ் 1.75. அந்தக் கால் டயாப்டர் சொன்னபடியே வந்து சேர்ந்தது. குவியம் 57 சென்டிமீட்டரில்.

பகலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கைபேசியை 36-இலேயே பிடித்துப் படிக்கிறேன், கணினிக்கும் முகப்புப் பலகைக்கும் எதுவும் தேவைப்படவில்லை. இரவில் கைபேசி 43-க்குப் போகிறது. ஒரு விஷயம் தற்செயலாகப் பிடிபட்டது: திரையைக் கறுப்புப் பின்னணியில் வைத்திருந்தேன், கண்ணுக்கு இதம் என்று யாரோ சொன்னதால். வெள்ளைப் பின்னணிக்கு மாற்றியதும் எழுத்து தெளிந்தது. திரை வெளிச்சத்தில் கண்மணி சுருங்குகிறது, புல ஆழம் கூடுகிறது, அவ்வளவுதான். மேசை விளக்கையும் தாளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தேன். அது பிளஸ் 0.50 கண்ணாடி செய்கிற வேலையில் பாதியைச் செய்கிறது.

கணக்கு எச்சரித்த பட்டையும் விழுந்திருக்கிறது. இரவில் குறைந்த வெளிச்சத்தில், மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பவரின் முகம் சரியாக அந்த 90 சென்டிமீட்டரில் வருகிறது. மங்கல் என்று சொல்ல முடியாது. மென்மையான ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கும். இமை முடிகள் தனித்தனியாகத் தெரியாது. நான் கொஞ்சம் சாய்ந்து பின்னால் போனால் வலக்கண் எடுத்துக்கொள்ளும், முன்னால் குனிந்தால் இடக்கண். மனைவி கவனித்துவிட்டாள். "என்னைப் பார்க்கும்போது மட்டும் ஏன் இப்படி ஆடுறீங்க?"

கண்ணாடி ஒன்று செய்து வைத்திருக்கிறேன், வலது மைனஸ் 0.50, இடது மைனஸ் 1.75. இரவில் வண்டி ஓட்டும்போது மட்டும் போடுவது. விரிந்த கண்மணியில் அந்த அரை டயாப்டரும் பெயர்ப் பலகைகளின் கூர்மையைத் தின்றுவிடும், இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தைப் பார்ப்பதும் நல்லது. தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தால் இடக்கண் மட்டும் உழைப்பது தெரிகிறது. அதற்கு ஒரு படிப்புக் கண்ணாடியும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கிறேன். பழைய ஸ்லைடுகளைப் பார்க்கத்தான் இப்போது உருப்பெருக்கி வேண்டியிருக்கிறது. 33 சென்டிமீட்டரில் தூசியைப் பிடித்த அந்தக் கண் போய்விட்டது. நேற்றுக்கூட ஒரு ஸ்லைடைத் தூக்கிப் பிடித்து, பழக்க தோஷத்தில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பிறகு கையை மெல்ல நீட்டினேன்.